தென்துருவக் கடல் யார் வீட்டுச் சொத்து?

2025 ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் ஒரு சேதி வந்தது. தென்துருவக் கடலில் கிரில் பிடிக்கும் கப்பல்கள், அந்தப் பருவத்துக்கு விதிக்கப்பட்டிருந்த 6 லட்சத்து 20 ஆயிரம் டன் வரம்பைத் தொட்டுவிட்டன. டிசம்பரில் தொடங்கி நவம்பர் இறுதி வரை நடக்க வேண்டிய பருவம் எட்டு மாதத்திலேயே மூடப்பட்டது. இப்படி நேர்ந்தது இதுவே முதல் தடவை என்பதே அந்தச் சேதி. கிரிக்கெட் சேதிக்கும் சினிமாச் சேதிக்கும் நடுவே இது பலர் கண்ணில் பட்டிராது.

“தென்துருவம் எங்கே, நாம் எங்கே? கூலி உயர்வுக்கும் பஞ்சப்படிக்கும் போராடுகிறவனுக்குப் பனிக்கட்டிக் கடலில் என்ன வேலை?” என்று தோழர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பதில் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அந்தக் கடலில் நடப்பது ஏதோ மீன் விவகாரம் அல்ல. எல்லோருக்கும் பொதுவான ஒரு சொத்தைச் சிலர் முந்தி ஓடி அள்ளிக்கொள்ளலாமா என்ற விவகாரம். அது நமக்குப் புதிதல்ல. ஊர்ப் பொது நிலமானாலும், ஆற்று மணலானாலும், நாம் நித்தமும் காண்கிற விவகாரம்தான் அது.

கிரில் என்பது யாது?

நம் கடற்கரைச் சந்தையில் கூறு கட்டி விற்கிறார்களே கூனி, அதைப் போன்ற ஓர் உயிர்தான் கிரில். அதைவிடச் சற்றுப் பெரியது. நன்கு வளர்ந்தால் ஆறு சென்டிமீட்டர் நீளம், இரண்டு கிராம் எடை. இது கோடானுகோடியாகக் கூட்டம் சேர்ந்து வாழ்வது. கூட்டம் மேலே வந்தால் கடல் நீரே சிவந்து தோன்றும்.

கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசியை கிரில் தின்கிறது. கிரிலைத் தின்று திமிங்கிலமும் பென்குயினும் சீலும் மீனும் பறவையும் வாழ்கின்றன. தென்துருவக் கடலின் வாழ்வு முழுவதையும் தாங்கி நிற்கும் தூண் இந்த இரண்டு கிராம் உயிர்தான். அது மட்டுமல்ல. பாசி கரியமில வாயுவை எடுத்துக்கொண்டே வளர்கிறது. பாசியைத் தின்ற கிரிலின் கழிவு கனத்து ஆழத்துக்கு இறங்கும்போது, அந்தக் கரியும் கூடவே இறங்கிவிடுகிறது. ஆலைப் புகையில் ஒரு பங்கைச் சுமந்து கடலின் அடியில் போட்டுவருகிற கூலியில்லாத் தொழிலாளி என்று கிரிலைச் சொன்னால் தவறாகாது.

இந்தத் தொழிலாளிக்கும் குடியிருக்க இடம் வேண்டும். குளிர்காலத்தில் அந்தக் கடல் உறைகிறது. பனித்தட்டின் அடிப்புறத்தில் பாசி படிகிறது. கிரில் குஞ்சுகள் அதை மேய்ந்துதான் தம் முதல் குளிர்காலத்தைக் கடக்கின்றன. பனி குறைந்தால் குஞ்சும் குறையும்.

அந்தப் பனிக்கு வந்த கதியைப் பாருங்கள். 2023 பிப்ரவரியில் தென்துருவக் கடற்பனியின் பரப்பு சுமார் 18 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. செயற்கைக் கோள்களைக்கொண்டு கணக்கெடுக்கத் தொடங்கிய 1979 முதல் அதுவரை கண்டிராத குறைவு அது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2022-இன் இறுதியில், பெல்லிங்ஷவுசன் கடலோரத்தில் பனி முன்கூட்டியே உடைந்தது. அங்கிருந்த பேரரசப் பென்குயின்களின் ஐந்து குடியிருப்புகளில் நான்கில், நீந்துவதற்கு ஏற்ற சிறகு முளைக்கும் முன்பே குஞ்சுகளின் காலடியில் தரை போய்விட்டது. அந்த நான்கிலும் ஒரு குஞ்சும் தப்பியிராது என்றே விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

உலகுக்கே ஒரு ரேடியேட்டர்

லாரி ஓட்டும் தோழருக்கு ரேடியேட்டர் என்றால் என்னவென்று நாம் சொல்லத் தேவையில்லை. தண்ணீர் சுற்றிவர வேண்டும். சுற்றிவந்து சூட்டை வாங்கிக்கொண்டு போக வேண்டும். சுற்றுவது நின்றால் என்ஜின் வெந்துவிடும்.

பூமிக்கு அந்த வேலையைச் செய்வது கடல். மனிதன் நிலக்கரியும் எண்ணெயும் எரித்துக் கூட்டிய சூட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடலுக்குள் போயிருக்கிறது. அதில் மிகப் பெரிய பங்கை ஏற்றுக்கொண்டது தெற்குக் கடல்தான். கடல்கள் எல்லாம் சேர்ந்து விழுங்கும் ஆலைக் கரியமில வாயுவில் ஏறத்தாழ நாற்பது சதவிகிதமும் அந்தத் தெற்குக் கடல் வழியாகவே உள்ளே போகிறது.

காரணம் இல்லாமல் இல்லை. தென்துருவத்தைச் சுற்றிக் கடல் குறுக்கீடின்றி ஓடுகிறது. எதிரே மறிக்க நிலம் இல்லை. அங்கே ஓடும் நீரோட்டம், உலகத்து ஆறுகள் அனைத்தும் கொண்டுவரும் நீரைப்போல நூறு மடங்குக்கும் மேலான நீரைச் சுமந்துகொண்டு கண்டத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஆழத்தில் நெடுங்காலம் கிடந்த நீர் அங்கே மேலே வருகிறது, காற்றோடு கலக்கிறது, கரையோரம் கடும் குளிரில் கனத்து, பிராணவாயுவை ஏந்திக்கொண்டு மீண்டும் அடியில் இறங்குகிறது. இறங்கிய நீர் உலகக் கடல்களின் அடித்தளத்தில் வடக்கே பரவுகிறது. நம் இந்து மகா சமுத்திரத்தின் அடியாழத்தில் கிடக்கும் குளிர்ந்த நீரும் அங்கிருந்து வந்ததுதான். தென்துருவம் எங்கே, நாம் எங்கே என்று கேட்டால், அது நம் கடலுக்கு அடியிலேயே இருக்கிறது என்பதுதான் பதில்.

இப்படி உலகத்துக்கே உழைக்கும் கடலை மனிதன் எப்படி நடத்தினான்? அதற்கு ஏற்கெனவே ஒரு சரித்திரம் இருக்கிறது. அது ரத்தத்தால் எழுதிய சரித்திரம்.

திமிங்கிலம் சொல்லும் பாடம்

1904-இல் கார்ல் ஆண்டன் லார்சன் என்ற நார்வேக்காரர் தெற்கு ஜார்ஜியாத் தீவில் கிரித்விக்கன் என்னுமிடத்தில் திமிங்கில ஆலை ஒன்றை நிறுவினார். வடக்குக் கடல்களில் திமிங்கிலம் அருகிவிட்டது. தெற்கே கொள்ளை கொள்ளையாக இருந்தது. திமிங்கில எண்ணெயிலிருந்து சோப்பு வந்தது, ஏழை வீட்டு ரொட்டியில் தடவும் மார்ஜரின் வந்தது, கிளிசரின் வந்தது. அந்தக் கிளிசரினிலிருந்து முதல் உலக யுத்தத்துக்கு வெடிமருந்தும் வந்தது.

1925-இல் பின்புறத்தில் சறுக்குப் பாதை வைத்த ஆலைக் கப்பல் வந்தது. செத்த திமிங்கிலத்தைக் கப்பலுக்குள்ளேயே இழுத்து, நடுக்கடலிலேயே அறுத்து, உருக்கி, பீப்பாயில் அடைத்தார்கள். கரையும் வேண்டாம், கரையிலுள்ள சர்க்காரின் அனுமதியும் வேண்டாம். 1930-31 என்ற ஒரே பருவத்தில் கொல்லப்பட்ட நீலத் திமிங்கிலங்கள் 29 ஆயிரத்துக்கும் மேல்! இருபதாம் நூற்றாண்டில் பூமியின் தென்பாதியில் மட்டும் எல்லா வகையும் சேர்ந்து இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்த தென்துருவ நீலத் திமிங்கிலம் சில நூறாகத் தேய்ந்தது.

கட்டுப்பாடே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. 1946-இல் வாஷிங்டனில் உடன்படிக்கை எழுதினார்கள். ஆனால் அந்தக் கட்டுப்பாடு எப்படிப்பட்டது என்பதைத்தான் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். எல்லா நாட்டுக்கும் சேர்த்து ஒரே வரம்பு: 16 ஆயிரம் “நீலத் திமிங்கில அலகு”. ஒரு நீலத் திமிங்கிலத்துக்கு இரண்டு துடுப்புத் திமிங்கிலம் சமம். ஆறு சேய் திமிங்கிலம் சமம். எந்த இனம் அழிகிறது, எந்த இடத்தில் அழிகிறது என்ற கேள்வியே கிடையாது. எண்ணெய்ப் பீப்பாய்க் கணக்கு ஒன்றே கணக்கு. இன்னாருக்கு இவ்வளவு என்ற பங்கீடும் தொடக்கத்தில் இல்லை. வரம்பு நிரம்பியதும் பருவம் முடியும். அதற்குள் யார் அதிகம் கொல்கிறாரோ அவருக்கு லாபம். விளைவு என்ன? இன்னும் பெரிய கப்பல், இன்னும் வேகமான வேட்டைப் படகு. நான்கு மாதம் நடந்த பருவம் சில ஆண்டுகளில் இரண்டு மாதமாகச் சுருங்கியது. அதற்கு “ஒலிம்பிக் பந்தயம்” என்றே பெயர் வைத்தார்கள்.

வேட்டையாடும் இனமே அழிந்தால் முதலாளிக்கும் நஷ்டம்தானே, அவன் ஏன் காப்பாற்றவில்லை? இதற்கு 1973-இல் காலின் கிளார்க் என்ற கனடா நாட்டுக் கணித அறிஞர் கணக்குப் போட்டே விடை சொன்னார். திமிங்கிலம் மெல்லப் பெருகும் இனம். ஆண்டுக்குச் சில சதவிகிதமே பெருகும். அத்தனையையும் இன்றே கொன்று, பணமாக்கி, வேறிடத்தில் போட்டால் வட்டி அதைவிட அதிகமாகக் கிடைக்கும். ஆகவே இனத்தை அழிப்பதே லாபக் கணக்குக்கு உகந்தது! இது அறியாமையில் நேர்ந்த தவறு அல்ல, தோழர்களே. லாபக் கணக்கு பிசகின்றி வேலை செய்ததன் விளைவு.

முடிவில் முதலாளி மூலதனத்தை வேறு தொழிலுக்கு மாற்றிக்கொண்டான். 1960-களின் நடுவில் கிரித்விக்கன் ஆலை மூடப்பட்டது. 1967-68-க்குப் பிறகு நார்வேயின் ஆலைக் கப்பல் தெற்கே போகவில்லை. தலைமுறை தலைமுறையாகத் திமிங்கிலக் கப்பலுக்கு ஆள் அனுப்பிய நார்வேத் துறைமுக ஊர்களில் அந்தத் தொழிலே இல்லாமல் போயிற்று. பீப்பாய்க்கு இவ்வளவு என்று போனஸ் வாங்கி உழைத்த தொழிலாளி, தன் நாளைய பிழைப்பைத் தன் கையாலேயே வெட்டிப்போட்டுக்கொண்டிருந்தான். வெட்டச் சொன்னவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நம் பக்கத்துக் கணக்கு

இதோடு நிறுத்திக்கொண்டால் நமக்குச் சௌகரியமாக இருக்கும். ஆனால் உழைப்பாளி மக்களிடம் பாதி உண்மையைச் சொல்வது நம் வழக்கமாக இருக்கக் கூடாது.

சோவியத் நாட்டின் திமிங்கிலக் கப்பல்களும் அந்தக் கடலில் இருந்தன. 1947 முதல் 1972 வரை தென்பாதிக் கடல்களில் அவை கணக்குக் காட்டிய திமிங்கிலங்கள் சுமார் 1 லட்சத்து 85 ஆயிரம். உண்மையில் கொன்றவையோ சுமார் 3 லட்சத்து 38 ஆயிரம். கூன்முதுகுத் திமிங்கிலத்தில் கணக்குக் காட்டியது 2,710. கொன்றது 48 ஆயிரத்துக்கும் மேல். 1993-இல் அலெக்ஸி யாப்லகோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி இதைப் பகிரங்கப்படுத்தினார். கப்பல்களில் வேலை பார்த்த விஞ்ஞானிகளும் கண்காணிப்பாளர்களும் ரகசியமாகக் காத்துவைத்திருந்த அசல் கணக்கு பிறகு வெளியே வந்தது.

அங்கே லாபம் எடுக்கும் முதலாளி இல்லையே, பின் ஏன் இப்படி? அங்கே ஆண்டுதோறும் உயரும் திட்ட இலக்கு இருந்தது. இலக்கைத் தாண்டினால் போனஸ், பாராட்டு. கடலில் என்ன மிச்சம் இருக்கிறது என்று எழுதிய விஞ்ஞானியின் அறிக்கை மேசைக்குள் பூட்டப்பட்டது. உடைமை பொதுவாக இருந்தது. கணக்கு பொதுவாக இல்லை. மக்கள் கண்ணுக்கு எட்டாத பொதுச் சொத்து, பொதுச் சொத்தாக நிலைக்காது. இந்தப் பாடத்தை எதிரி சொல்லிக்காட்டும் முன்பு நாமே சொல்லிக்கொள்வதுதான் நமக்கு மரியாதை.

மீண்டும் அதே பந்தயம்

இனி இன்றைய கிரிலுக்கு வருவோம். திமிங்கிலம் தீர்ந்ததும் அதன் உணவின் மீது பார்வை திரும்பியது. 1982 வாக்கில் சோவியத் கப்பல்களே பெரும்பங்காக, ஆண்டுக்கு 5 லட்சம் டன்னுக்கு மேல் கிரில் பிடிபட்டது. அந்த ஆண்டில்தான் தென்துருவக் கடல்வாழ் உயிர்களைக் காக்கும் உடன்படிக்கை அமலுக்கு வந்தது. அதன் ஆணையம் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் இருக்கிறது. இந்தியாவும் அதில் அங்கம். அங்கே எல்லா முடிவும் ஒருமனதாகத்தான் எடுக்க வேண்டும். ஒரு நாடு தலையசைக்க மறுத்தாலும் காரியம் நின்றுவிடும்.

தென் அட்லாண்டிக் பகுதிக்கு 6 லட்சத்து 20 ஆயிரம் டன் என்ற வரம்பை அந்த ஆணையம் வைத்திருக்கிறது. அதை நான்கு வட்டாரங்களுக்குப் பிரித்து, ஒரே இடத்தில் கப்பல்கள் குவியாதபடி 2009-இல் ஒரு விதியும் செய்தது. தென்துருவத் தீபகற்பத்தை ஒட்டிய வட்டாரத்தில் வரம்பின் கால் பங்குக்கு மேல், அதாவது 1 லட்சத்து 55 ஆயிரம் டன்னுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்றது அந்த விதி. 2024 அக்டோபரில் கூடிய கூட்டத்தில் அதை நீட்டிக்க ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. விதி காலாவதியானது. மொத்த வரம்பு நின்றது, பங்கீடு போயிற்று. அடுத்த பருவத்திலேயே, முதல் தடவையாக, வரம்பு முழுவதும் தீர்ந்து கடல் மூடப்பட்டது. நீலத் திமிங்கிலப் பந்தயத்தின் விதியும் இதுதானே? எல்லோருக்கும் ஒரே வரம்பு, முந்தியவனுக்கு லாபம்!

“கடலில் உள்ள கிரிலில் இது நூற்றில் ஒரு பங்குதானே?” என்று கம்பெனிகள் கேட்கின்றன. உண்மைதான். 2019 அளவில் எடுத்த கணக்குப்படி அந்தப் பகுதியில் 6 கோடி டன்னுக்கு மேல் கிரில் இருந்தது. ஆனால் ஊர் முழுவதிலும் அரிசி இருக்கிறது என்பதால் ஒரே தெருவின் ரேஷன் கடையை அன்றாடம் காலி செய்யலாமா? தாய்ப் பென்குயின் குஞ்சுக்கு இரை தேட நெடுந்தூரம் போக முடியாது. கப்பலும் கிரில் செறிந்த இடத்துக்கே வருகிறது. திமிங்கிலமும் அங்கேயே வருகிறது. 2022 ஜனவரியில் தென் ஓர்க்னித் தீவருகே ஏறத்தாழ ஆயிரம் துடுப்புத் திமிங்கிலங்கள் கூடி மேய்ந்தன. அந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே இழுவைக் கப்பல்களும் வலை இழுத்துக்கொண்டிருந்தன. அரை நூற்றாண்டுக்குப் பின் திரும்பி வந்தவனின் இலையிலிருந்தே சோற்றை எடுப்பது என்றால் இதுதான்.

“உலகப் பசிக்கு உணவு” என்ற பேச்சும் கேட்கிறது. யாருடைய பசி? பிடிபட்ட கிரில் மாவாகி, பணக்கார நாடுகளின் சால்மன் மீன் பண்ணைக்குத் தீனியாகப் போகிறது. எண்ணெயாகி, மருந்துக்கடை அலமாரியில் மாத்திரையாக ஏறுகிறது. வீட்டு நாய், பூனைக்கும் தீனியாகிறது. பட்டினி கிடப்பவன் தட்டுக்கு அது வருவதில்லை.

இதில் கட்சி கட்டிப் பேச இடமில்லை. கிரில் பிடிப்பதில் முதலிடம் நேட்டோ நாடான நார்வேக்கு. அடுத்த இடம் சீனாவுக்கு. 2016-இல் ராஸ் கடலில் 15 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பைப் பாதுகாப்புப் பகுதியாக்க எல்லோரும் ஒப்பினார்கள். செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி. அதற்குப் பிறகு வெட்டெல் கடலுக்கும், கிழக்குப் பகுதிக்கும், தீபகற்பத்துக்கும் அதே பாதுகாப்புக் கோரிய யோசனைகள் ஆண்டுதோறும் ரஷ்யாவும் சீனாவும் ஒப்பாததால் நின்றன. மேற்கத்திய சர்க்கார்களுக்குச் சொந்த நோக்கம் உண்டு என்பதை நாம் மறக்கவில்லை. உலகைச் சூடாக்கிய புகைபோக்கிகள் பெரும்பாலும் அவர்களுடையவை என்பதையும் மறக்கவில்லை. ஆனால் வலையின் மேல் எந்தக் கொடி பறக்கிறது என்று கிரில் பார்ப்பதில்லை. நாமும் அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

நாம் கோருவது

இந்தப் பிரச்னையில் நம் நாட்டுக்குப் பேசும் உரிமை உண்டு. பேசிய சரித்திரமும் உண்டு. ஏழு நாடுகள் தென்துருவக் கண்டத்துக்குச் சொந்தம் கொண்டாடிய காலத்தில், 1956-இல், அங்கே அமைதி நிலவ வேண்டும், உலகப் பொதுநலனுக்கே அது பயன்பட வேண்டும், ஐக்கிய நாடுகள் சபை இதை விவாதிக்க வேண்டும் என்று கோரியது இந்தியா. 1958-இலும் கோரியது. சொந்தம் கொண்டாடியவர்களுக்கு அது கசந்தது, விவாதம் நடக்கவில்லை. 1959-இல் பன்னிரண்டு நாடுகள் தமக்குள் கூடி ஒப்பந்தம் எழுதிக்கொண்டன. இந்தியா அதில் சேர்ந்தது 1983-இல். வெட்டெல் கடலுக்கும் கிழக்குப் பகுதிக்கும் பாதுகாப்புக் கோரும் யோசனைகளுக்கு 2021-இல் இந்தியா ஆதரவு தெரிவித்தது. 2024 மே மாதத்தில் ஒப்பந்த நாடுகளின் கூட்டம் கொச்சியிலேயே நடந்தது.

ஆதரவு தெரிவித்தோம் என்று ஏட்டில் எழுதி வைத்தால் போதாது. வட்டாரப் பங்கீட்டு விதி மீண்டும் வர வேண்டும். தீபகற்பத்திலும் வெட்டெல் கடலிலும் உயிர்கள் குஞ்சு பொரித்து வளரும் இடங்களில் வலை விழக் கூடாது. பிடித்த கணக்கும் இருப்புக் கணக்கும் கப்பல் வாரியாக உலக மக்கள் பார்வைக்கு வர வேண்டும். ஒரே நாட்டின் தலையசைப்பில் உலகத்தின் சொத்து தொங்கிக்கொண்டிருக்கும் முறையை மாற்ற வழி காண வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பனியை உருக்கும் புகையைக் குறைக்க வேண்டும். அதில் பெரும்பங்கு, பெரும்பங்கு புகைத்தவர்களுடையது. இவற்றை 1956-இல் பேசிய அதே துணிவோடு இந்திய சர்க்கார் பேச வேண்டும். பேசும்படி செய்வது நம் பொறுப்பு.

தோழர்களே! அந்தக் கடலில் குடியிருப்பவர் இல்லை. மனுக் கொடுக்க ஆள் இல்லை. ஊர்வலம் போக வீதி இல்லை. கேட்பாரில்லாத சொத்து என்றுதான் ஒரு தடவை அதைச் சூறையாடினார்கள். இரண்டாம் தடவை அப்படி நடக்காதபடி கேட்பதற்கு ஆள் வேண்டும். சங்கக் கூட்டத்தில் ஐந்து நிமிஷம் ஒதுக்கி இதைப் பேசுங்கள். பொதுச் சொத்துக்குக் காவல் நிற்பது தொழிலாளி வர்க்கத்துக்குப் பழகிய வேலை. இந்தச் சொத்து கொஞ்சம் தூரத்தில் இருக்கிறது, வித்தியாசம் அவ்வளவே.